பாலை நிலத்து ரோஹிடா: அதன் இயல்பும் வளர்ப்பு முறையும்

பாலைவனம் என்றதும் மரமும் செடியும் அற்ற வெறும் மணற்பரப்பே பலருடைய மனக்கண்முன் தோன்றும். மாசி, பங்குனி மாதங்களில் ராஜஸ்தானின் மேற்குப் பகுதியில் பயணம் செய்வோர் இக்கருத்தை மாற்றிக்கொள்ள நேரிடும். குளிர் நீங்கி, வெயில் ஏறத் தொடங்கி, புல் பூண்டுகள் காய்ந்து கிடக்கும் அப்பருவத்தில், வயல் வரப்புகளிலும் மணல்மேடுகளின் சரிவிலும் ஆங்காங்கே ஒரு மரம் மட்டும் கிளைதோறும் பூத்து நிற்கும். ஒரு மரத்தில் பூக்கள் மஞ்சளாக இருக்கும். அடுத்ததில் செம்மஞ்சளாகவும், மற்றொன்றில் சிவப்பாகவும் இருக்கும். தொலைவிலிருந்து நோக்கினால் மணலின் நடுவே தீ எரிவதுபோல் காட்சியளிக்கும் இம்மரமே ரோஹிடா எனப்படுவது. 1983ஆம் ஆண்டில் ராஜஸ்தான் அரசு இதன் பூவை மாநில மலராக ஏற்றுக்கொண்டது.

அழகுக்காக மட்டும் போற்றப்படும் மரமன்று இது. மணலைப் பிணிக்கவும், கால்நடைக்குத் தழை தரவும், கைவினைஞருக்கு உயர்ந்த மரம் அளிக்கவும் வல்லது. ஆயினும் வெட்டப்படும் மரங்களுக்கு ஈடாக இளமரங்கள் தோன்றாமையால் இவ்வினம் அருகி வருகின்றது. ஆகவே இதன் இயல்பையும் வளர்க்கும் முறையையும் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

நிலமும் மழையும்

இந்தியாவில் வெப்ப வறள்நிலம் ஏறத்தாழ 3.2 கோடி ஹெக்டேர் பரப்புள்ளது. அதில் ஐந்தில் மூன்று பங்கு ராஜஸ்தானில் அமைந்துள்ளது. ஆரவல்லி மலைத்தொடருக்கு மேற்கே செல்லச் செல்ல மழை குறைந்துகொண்டே போகும். ஜோத்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 360 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழை, ஜெய்சல்மேரில் 200 மில்லிமீட்டரைக் கூட எட்டுவது அரிது. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் என்பதை நினைவிற்கொண்டால் இந்நிலத்தின் வறுமை விளங்கும். இச்சிறு மழையும் பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரையுள்ள மூன்று மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய ஒன்பது மாதங்கள் வறட்சியே.

வெப்பநிலையும் கடுமையானது. 2016ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் பலோடி என்னும் ஊரில் வெப்பம் 51 டிகிரி செல்சியசை எட்டியது. அதே பகுதியில் தை மாத இரவுகளில் உறைபனி விழுவதும் உண்டு. கோடையில் தென்மேற்கிலிருந்து வீசும் கடுங்காற்று மணலை வாரி வயல்களின்மீதும் பாதைகளின்மீதும் கொட்டும். இத்தகைய நிலத்தில் ஒரு தாவரம் நிலைபெற வேண்டுமாயின் வறட்சி, வெப்பம், உறைபனி, காற்று ஆகிய நான்கையும் தாங்க வேண்டும். ரோஹிடா இந்நான்கையும் தாங்குகின்றது. ஆண்டுக்கு 150 முதல் 500 மில்லிமீட்டர் வரை மழை பெறும் நிலங்களே இதற்கு உகந்தவை.

பார்மேர், ஜெய்சல்மேர், ஜோத்பூர், பீகானேர், நாகௌர், சூரு, பாலி முதலிய மாவட்டங்களில் இது இயற்கையாக வளர்கின்றது. குஜராத், ஹரியானா ஆகிய மாநிலங்களின் வறண்ட பகுதிகளிலும், பாகிஸ்தானின் சிந்து, பலூசிஸ்தான் பகுதிகளிலும், அவற்றுக்கு மேற்கே அரேபியா வரையிலும் காணப்படுகின்றது.

மரத்தின் தோற்றம்

தாவர நூலார் இம்மரத்துக்கு வழங்கும் பெயர் தெக்கோமெல்லா உண்டுலாட்டா என்பதாகும். பெயரின் பிற்பகுதி 'அலைபோன்ற' என்று பொருள்படும். இலையின் ஓரம் அலை அலையாக நெளிந்திருப்பதே இப்பெயருக்குக் காரணம். தெக்கோமெல்லா என்னும் பேரினத்தில் இவ்வோர் இனம் தவிர வேறு இனம் இல்லை. நம் நாட்டுப் பாதிரி மரமும், வீட்டுத் தோட்டங்களில் மஞ்சள் மணிப்பூக்களுடன் வளர்க்கப்படும் தெக்கோமாச் செடியும் சேர்ந்த குடும்பமே இதன் குடும்பமும் ஆகும்.

ரோஹிடா சிறு மரம் அல்லது பெரும் புதர் எனத்தக்கது. நல்ல நிலத்தில் 8 முதல் 12 மீட்டர் உயரம் வரை வளரும்; மிக வறண்ட இடத்தில் அதிற் பாதியளவே எட்டும். கிளைகள் தாழ்ந்து தொங்கும் இயல்புடையவை. இலைகள் தனி இலைகள், கிளையில் பெரும்பாலும் எதிரெதிராக அமைந்தவை, குறுகி நீண்டவை, சாம்பல் கலந்த பச்சை நிறமுடையவை. பூக்கள் சிறு கொத்துகளாகக் கிளைகளின் நுனிப்பகுதியில் தோன்றும். அல்லி வட்டம் கீழே குழலாகவும் மேலே விரிந்த மணியாகவும் அமைந்து ஐந்து மடல்களாகப் பிரிந்திருக்கும். பூவுக்கு மணம் இல்லை.

காய் மெல்லியதாக, சற்றே வளைந்து, 20 சென்டிமீட்டர் வரை நீண்டிருக்கும். முற்றியபின் இரண்டாக வெடிக்கும். உள்ளே அடுக்கப்பட்டுள்ள விதைகள் தட்டையானவை, மிக இலேசானவை, மெல்லிய சிறகு உடையவை. காய்கள் மே, ஜூன் மாதங்களில், அதாவது மழை தொடங்குவதற்குச் சற்று முன்னர் முற்றுகின்றன. காற்று மிகுந்த அக்காலத்தில் விதைகள் சிறகின் உதவியால் பரவி, பின்வரும் மழையில் முளைப்பதற்கு இவ்வமைப்பு ஏற்றதாயிருக்கிறது.

பூவும் பறவையும்

மணமற்றதாயினும் பூவின் அடியில் நீர்த்த தேன் ஊறுகின்றது. கொண்டைக்குருவிகளும் தேன்சிட்டுகளும் இத்தேனை நாடி வருகின்றன. பறவை பூவினுள் தலையை நுழைக்குங்கால் மகரந்தம் அதன் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மரத்துப் பூவை நாடும்போது அம்மகரந்தம் சூல்முடியிற் படியும். தேனீக்களும் இப்பூக்களை மொய்ப்பதுண்டு.

ஒரு மரத்தில் பூத்த பூக்களின் தொகையோடு ஒப்பிட்டால் காய்களின் தொகை மிகச் சிறிது. வேற்று மரத்தின் மகரந்தம் வந்து சேர்ந்தாலன்றிக் காய் நன்கு பற்றாமையே இதற்கு ஒரு காரணமாகும். மரங்கள் நெருங்கி நின்ற காலத்தில் பறவைகள் ஒன்றினின்று மற்றொன்றுக்கு எளிதிற் சென்று வந்தன. வெட்டுதலால் மரங்கள் தனித்தனியே பிரிந்து நிற்கும் இடங்களில் இவ்வுதவி குறைகின்றது. ஆகவே நூறு மரங்களில் ஐம்பதை வெட்டினால் விதை பாதியாகக் குறையும் என்று மட்டும் கருதுதல் தவறு. எஞ்சிய ஐம்பதிலும் காய்ப்புக் குறையக்கூடும். களப்பணியாளர் மனத்திற் பதிக்க வேண்டிய உண்மை இது.

வறட்சியைத் தாங்கும் வகை

ரோஹிடாவின் வேர் அமைப்பு இருவகைப் பணி செய்வது. ஆணிவேர் நிலத்தினுள் ஆழச் சென்று, மழைக்காலத்தில் மணலின் கீழ்ப்படிந்த ஈரத்தை எட்டுகின்றது. பக்கவேர்கள் மேல்மண்ணில் வலைபோலப் பரவி, சிறுமழையின் நீரையும் வீணாக்காமல் உறிஞ்சிக்கொள்கின்றன. மணலைப் பிடித்து நிறுத்துவதும் இப்பக்கவேர்களின் வலையே.

மணலின் மேற்பகுதி விரைவில் காய்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் காய்ந்த மேல்மணலே கீழேயுள்ள ஈரத்துக்கு மூடியாகவும் அமைகின்றது. களிமண்ணில் நீர் நுண்குழாய்கள் வழியே மேலேறி ஆவியாவது போல மணலில் எளிதில் நிகழ்வதில்லை. எனவே சில மீட்டர் ஆழத்தில் ஈரம் நெடுநாள் தங்கியிருக்கும். அதனை எட்டும் வேருள்ள மரம் கோடைக்கு முன்னரே பூக்கவும், கோடையிற் காய்களை முற்றச் செய்யவும் இயலுகின்றது. வேர் அவ்வாழத்தை எட்டும் வரையில் இளஞ்செடி நலிவுற்றே இருக்கும். நட்ட முதலிரண்டு ஆண்டுகளிற் செடியைக் காத்தல் ஏன் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

நீர் தேங்கும் நிலத்தை இம்மரம் பொறுப்பதில்லை. மணலும் மணல் கலந்த வண்டலும், நன்கு நீர் வடியும் சரிவுகளும், ஓரளவு நிலைபெற்ற மணல்மேடுகளும் இதற்கு ஏற்றவை. நிழலிலும் வளராது; முழு வெயில் வேண்டும்.

பயன்கள்

இதன் வைரம் பாய்ந்த மரம் கெட்டியானது, உறுதியானது, நுண்ணிய செதுக்கு வேலைக்கும் மெருகுக்கும் ஏற்றது. ஆதலால் இதனை மார்வார்த் தேக்கு என்று அழைப்பர். பார்மேர்ப் பகுதியின் செதுக்கு வேலைப்பாடு மிக்க மரச்சாமான்கள் இம்மரத்தாற் பெயர்பெற்றவை. கதவு, நிலை, கட்டில், உழவுக் கருவிகள் முதலியனவும் இதனால் செய்யப்படுகின்றன. தேக்கு வளர இயலாத நிலத்தில் அதற்கு ஈடான மரத்தைத் தருவது ரோஹிடாவே.

ஒட்டகமும் வெள்ளாடும் செம்மறியும் இதன் தழையையும் உதிர்ந்த பூவையும் விரும்பித் தின்னும். பட்டை, கல்லீரல் மண்ணீரல் நோய்களுக்கு நாட்டு மருத்துவத்தில் பயன்பட்டு வருகின்றது. மருந்துக் கடைகளில் வழங்கும் ரோஹீதகம் என்னும் பெயர் வேறு மரத்தின் பட்டையையும் குறிப்பதுண்டாகையால் பட்டையை வாங்குவோர் இதனை அறிந்திருக்க வேண்டும். நின்ற மரத்தில் பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுவிடும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மேற்கு ராஜஸ்தான் உழவர், தமிழில் வன்னி எனப்படும் கேஜ்ரி மரத்தையும் ரோஹிடாவையும் வயலிலேயே விட்டுவைத்து, அவற்றினிடையே கம்பு, நரிப்பயறு, பாசிப்பயறு, கொத்தவரை ஆகியவற்றைப் பயிரிடுவது தொன்றுதொட்டு வந்த வழக்கம். மழை பொய்த்துப் பயிர் காய்ந்த ஆண்டிலும் மரத்தின் தழை ஆட்டைக் காக்கும். ஆடு குடும்பத்தைக் காக்கும்.

மரம் குறைவதன் காரணங்கள்

முதலாவது காரணம் மரத்தின் மதிப்பே. விலை மிகுந்தமையால் வெட்டுதல் மிகுந்தது. ரோஹிடா மெல்ல வளரும் மரம். நல்ல அளவு மரச்சட்டம் பெற முப்பது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். வெட்டும் வேகத்துக்கு வளரும் வேகம் ஈடுகொடுக்க இயலவில்லை.

இரண்டாவது, இளஞ்செடிகளை ஆடுகள் மேய்ந்துவிடுதல். முளைத்த செடி முதல் கோடையைக் கடந்தாலும் ஆட்டின் வாயைக் கடப்பது அரிது.

மூன்றாவது, டிராக்டர் உழவு. ஒட்டகத்தைக் கொண்டு மரக்கலப்பையால் உழுத உழவர், வயலில் தானே முளைத்த செடியைக் கண்டு கலப்பையை ஒதுக்கிச் செல்வர். டிராக்டரின் வட்டக் கலப்பைக்கு அவ்வாறு ஒதுங்கிச் செல்லும் வழக்கம் இல்லை. ஆகவே வயலில் நிற்பவை பெரும்பாலும் முதிர்ந்த மரங்களேயன்றி, அவற்றின் இடத்தை நிரப்பும் இளமரங்கள் இல்லை.

நான்காவது, நிலப்பயன் மாறியமை. 1958ஆம் ஆண்டில் வேலை தொடங்கப்பெற்று, பின்னர் இந்திரா காந்தி கால்வாய் எனப் பெயர் பெற்ற பெருங்கால்வாய், பாலையின் பெரும்பகுதிக்கு நீர் கொணர்ந்தது. நீர் பாய்ந்த நிலத்தில் பயிர் பெருகிற்று. ஆயின் அந்நிலத்தைச் சமன்செய்தபோது பழைய மரங்கள் நீக்கப்பட்டன.

ஐந்தாவது காரணம் மரம் நடுவோரின் விருப்பம் ஆகும். பாலை நிலத்தில் காடு வளர்ப்பதை ஆராய 1952ஆம் ஆண்டில் ஜோத்பூரில் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. அது விரிவடைந்து 1959ஆம் ஆண்டில் மத்திய வறள்நில ஆராய்ச்சி நிலையமாயிற்று. நகரும் மணலை விரைவில் நிறுத்த வேண்டிய தேவையால், விரைந்து வளரும் அயல்நாட்டு இனங்கள் அக்காலத்தில் பெரிதும் நடப்பட்டன. இஸ்ரேலிலிருந்து 1958இல் கொணரப்பட்ட குடைவேலமும், தமிழ்நாட்டார் சீமைக் கருவேலம் என்று நன்கறிந்த மரமும் அவற்றுள் சிறந்து விளங்கின. சீமைக் கருவேலத்தை அன்றைய ஜோத்பூர் சமஸ்தானம் 1940ஆம் ஆண்டிலேயே அரசின் சிறப்புத் தாவரமாக அறிவித்துக் காத்தது. அவை மணலை நிறுத்தின, விறகு தந்தன. ஆனால் சீமைக் கருவேலம் நட்ட இடத்தில் நில்லாது பரவி, நாட்டு இனங்களுக்கு இடமில்லாமற் செய்ததைப் பின்னர் கண்டனர். ஐந்தாண்டில் பயன் தரும் மரத்தையும் நாற்பது ஆண்டில் பயன் தரும் மரத்தையும் ஒரே அளவுகோலால் அளந்தால் பின்னது என்றும் தோற்கும். அவ்வளவுகோலை மாற்றிக்கொள்வதே இன்றைய தேவை. 1988ஆம் ஆண்டு முதல் ஜோத்பூரில் இயங்கிவரும் வறள்நிலக் காடு ஆராய்ச்சி நிலையமும் ரோஹிடாவைப் பற்றிய ஆய்வுகளில் ஈடுபட்டு வந்துள்ளது.

விதை சேகரித்தல்

நல்ல நாற்றுக்கு அடிப்படை நல்ல விதை. விதைக்குத் தேர்ந்தெடுக்கும் மரம் நேரான அடிமரமும், நோயற்ற இலையும், நிறைந்த காய்ப்பும் உடையதாயிருத்தல் வேண்டும். ஒரே மரத்திலிருந்து எல்லா விதையையும் எடுத்தல் கூடாது. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள பல மரங்களிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். ஒரே தாய்மரத்தின் பிள்ளைகளை மட்டும் நட்டு உண்டாக்கிய தோப்பு, பிற்காலத்தில் காய்ப்பிலும் வலிமையிலும் குறைவுபடக்கூடும்.

காய்கள் பச்சை நிறம் மாறிப் பழுப்பாகும்போது, வெடிப்பதற்கு முன்னரே பறித்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினும் சிறகுள்ள விதைகளைக் காற்று கொண்டுபோய்விடும். பறித்த காய்களைத் துணிப்பைகளில் இட்டோ, மெல்லிய துணியால் மூடியோ நிழலில் உலர்த்தினால் அவை தாமே வெடிக்கும். விதைகளைப் பிரித்து, பூச்சி துளைத்தவற்றையும் பதரையும் நீக்கி, ஈரம் புகாத கலங்களில் இட்டு, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். விதையின் முளைப்புத்திறன் நாளடைவில் குறைந்துகொண்டே வரும்; ஓராண்டுக்கு மேற்பட்ட விதையை நம்பி நாற்றங்கால் இடுதல் தகாது. சேகரித்த நாளையும் இடத்தையும் சீட்டில் எழுதி ஒவ்வொரு கலத்தினுள்ளும் இடுதல் நன்று.

நாற்றங்கால்

விதையை ஊறவைத்தல், சுரண்டுதல் முதலிய முன்செயல்கள் இதற்கு வேண்டுவதில்லை. விதைக்கும் பருவம் இரண்டு. புதுவிதையை ஜூன், ஜூலை மாதங்களில் விதைத்து மறு ஆண்டு மழையில் நடலாம். அல்லது சேமித்த விதையை பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விதைத்து அவ்வாண்டு மழையிலேயே நடலாம். முதல் முறையில் முளைப்பு மிகும், செடியும் பருத்திருக்கும். ஆயின் குளிர்கால உறைபனியிலிருந்து நாற்றுகளைக் கீற்றோ வைக்கோலோ கொண்டு மூடிக் காக்க வேண்டும். இரண்டாம் முறையில் பராமரிப்புக் காலம் குறைவு. ஆயின் விதை பழையதாகையால் சற்று மிகுதியாக இட வேண்டும்.

சுமார் 25 சென்டிமீட்டர் உயரமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பாலிதீன் பைகளில், மண், மணல், மக்கிய தொழுஉரம் ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து நிரப்ப வேண்டும். பையின் அடியிலும் பக்கங்களிலும் நீர் வடியத் துளைகள் இருத்தல் அவசியம். பைக்கு இரண்டு விதைகளை இட்டு, அரை சென்டிமீட்டர் அளவுக்கு மெல்லிய மணலால் மூட வேண்டும். ஆழமாகப் புதைத்தால் சிறு விதை மேலே வர இயலாது. வேகமாக நீர் ஊற்றினால் விதை மிதந்து வெளியே வந்துவிடும். ஆதலால் நுண்துளைப் பூவாளியாலேயே தெளிக்க வேண்டும்.

ஓரிரு வாரங்களில் முளைகள் தோன்றும். செடி நான்கு இலை விட்டதும் வலிய ஒன்றை நிறுத்தி மற்றதை நீக்க வேண்டும். நீர் மிகுதியானால் தண்டின் அடி அழுகும்; மேல்மண் காய்ந்த பின்னரே அடுத்த நீர் இடுக. மாதம் ஒருமுறை பைகளை இடம்பெயர்த்து வைத்தால் வேர் பையைத் துளைத்து நிலத்தில் இறங்காது. நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னிருந்து நீரைப் படிப்படியாகக் குறைத்து, நிழலையும் நீக்கி, செடியைக் கடுமைக்குப் பழக்க வேண்டும். நடும்போது செடி 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரம் இருப்பது ஏற்றது.

நடவு

மழைக்கு முன்னரே, மே அல்லது ஜூன் மாதத்தில், 45 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள குழிகளை எடுத்து ஆறவிட வேண்டும். வரிசைக்கு வரிசையும் செடிக்குச் செடியும் 5 மீட்டர் இடைவெளி விடின் ஒரு ஹெக்டேருக்கு 400 செடிகள் கொள்ளும். வயல் வரப்பில் நடுவதாயின் ஒரே வரிசையாக, இன்னும் அகன்ற இடைவெளியில் நடலாம். குழி மண்ணுடன் தொழுஉரம் கலந்து நிரப்ப வேண்டும். கறையான் தொல்லை உள்ள இடத்தில் மக்காத எருவை இடுதல் கூடாது. அது கறையானை அழைத்துவரும்.

நல்ல மழை ஒன்று பெய்து மண் ஆழ நனைந்தபின், மேகமூட்டமான நாளிலோ மாலை வேளையிலோ நட வேண்டும். பையைக் கிழித்து நீக்குங்கால் வேரைச் சூழ்ந்த மண் உதிராமற் பார்த்துக்கொள்ள வேண்டும். பையிலிருந்த அளவைக் காட்டிலும் சற்று ஆழமாக நட்டு, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து இறுக்கி, உடனே நீர் ஊற்ற வேண்டும்.

செடியைச் சுற்றி ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டமான பாத்தியை, நாற்புறமிருந்தும் செடியை நோக்கிச் சற்றே சரியுமாறு அமைத்து, மேற்பரப்பைத் தட்டி இறுக்குதல் சிறந்த முறை. இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 7 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். ஆகவே 10 மில்லிமீட்டர் மழையில் இவ்வட்டத்தில் விழும் நீர் 70 லிட்டர் ஆகும். அதிற் பாதி மண்ணில் ஊறிப்போயினும் 35 லிட்டர் செடியின் அடியைச் சேரும். குடத்திற் சுமந்து ஊற்ற வேண்டிய நீரை ஒரு சிறுமழையே கொணர்ந்து தருகின்றது.

நட்டபின் பேணல்

முதலாண்டில் மழை ஓய்ந்தபின் திங்களுக்கு ஒரு முறையோ இரு முறையோ செடிக்குச் சுமார் 10 லிட்டர் நீர் ஊற்ற வேண்டும். கடுங்கோடையில் இன்னும் சற்று அடிக்கடி வேண்டியிருக்கும். செடியருகே மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், நீர் சுவரின் வழியே கசிந்து வேரை நனைக்கும். வெயிலில் ஆவியாகி வீணாகாது. இரண்டாம் ஆண்டில் நீரைக் குறைத்து, மூன்றாம் ஆண்டில் நிறுத்திவிடலாம். அடிக்கடி சிறிது சிறிதாக நீர் ஊற்றுவதைவிட, இடைவிட்டு நிறைய ஊற்றுவதே நன்று. அப்போதுதான் வேர் ஆழத்தை நாடும்.

ஆடுகளிடமிருந்து காப்பதே பெரும்பணி. அப்பகுதியில் மலிவாகக் கிடைக்கும் இலந்தை முள்ளைச் செடியைச் சுற்றி அடர்த்தியாக இட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மேயும் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் செடி வளரும்வரை இக்காவல் தேவை. வெள்ளெலிகள் இளவேரையும் பட்டையையும் கடித்துக் கேடு செய்யும். ஒரு வகைக் கூன்வண்டும் அதன் புழுவும் இலைகளை அரிக்கும். நாற்றங்காலில் இவற்றைக் கண்டவுடன் பொறுக்கி அழிப்பது எளிது. மரச்சட்டத்துக்காக வளர்ப்பதாயின் மூன்றாம் ஆண்டு முதல் கீழ்ப்பக்கக் கிளைகளைக் குளிர்காலத்தில் கூரிய கத்தியால் சிறிது சிறிதாகக் கழித்துவந்தால் அடிமரம் நேராக அமையும்.

நகரும் மணல்மேட்டில் நடுவதற்கு முன் மணலை அமைதிப்படுத்த வேண்டும். மேட்டை வேலியிட்டுக் கால்நடை புகாமற் செய்து, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே, உலர்ந்த புதர்க் கிளைகளை 2 முதல் 5 மீட்டர் இடைவெளியில் வரிசை வரிசையாகவோ, சதுரங்கக் கட்டம் போலவோ ஊன்றுவர். அவ்வரிசைகளின் மறைவில், மழைக்காலத்தில் செடிகளை நட்டு, இடையே சேவண் புல்லையோ கொழுக்கட்டைப் புல்லையோ விதைப்பர். கிளைகள் மக்கிப் போவதற்குள் புல்லும் செடியும் மணலைப் பிடித்துக்கொள்ளும்.

ஆசிரியர்களுக்குச் சில செயல்முறைகள்

ரோஹிடா காணப்படாத ஊர்களிலும் இப்பாடத்தின் உண்மைகளைக் கண்முன் காட்ட இயலும்.

1. தோட்டத்துத் தெக்கோமாப் பூவில், சூல்முடி இரண்டு மெல்லிய இதழ்களாகப் பிரிந்திருப்பதைக் காட்டுக. ஒரு துரும்பால் அதனை மெல்லத் தொட்டால் இரண்டும் மூடிக்கொள்ளும். ரோஹிடாவின் குடும்பத்தைச் சேர்ந்த தாவரங்கள் பலவற்றில் காணப்படும் இயல்பு இது. மகரந்தம் கொணரும் உயிரின் தொடுகைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை மாணவரே கூறுமாறு செய்க.

2. இரண்டு தட்டுகளில் உலர்ந்த மணலை நிரப்பி, ஒன்றில் புல் வளர்த்தும் மற்றொன்றை வெறுமையாகவும் விடுக. புல் வேரூன்றியபின் இரண்டையும் காயவைத்து எடைபோட்டு, விசிறியின் முன் ஒரே அளவு நேரம் வைத்து மீண்டும் எடைபோடுக. வேர் மணலைக் காக்கும் அளவு எண்ணாலேயே விளங்கும்.

3. ஏதேனும் ஒரு மரத்தின் புதுவிதை நூறும், ஓராண்டு பழைய விதை நூறும் ஈரத்துணியில் முளைக்கவிட்டு எண்ணுக. விதையைச் சேமிப்பதில் காலத்தின் மதிப்பு இதனால் புலப்படும்.

4. பள்ளி முற்றத்தின் பரப்பை அளந்து, 10 மில்லிமீட்டர் மழையில் அங்கு விழும் நீர் எத்தனை குடம் என்று கணக்கிடச் செய்க.

முடிவுரை

ரோஹிடாவை நாடெங்கும் நட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மழை மிகுந்த நிலமும் நீர் தேங்கும் களிமண்ணும் அதற்கு ஏற்றவையல்ல. எந்த நிலத்துக்கு எந்த மரம் உரியதோ அதனை அங்கே வளர்ப்பதே அறிவுடைமை. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களில் இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், தம் ஊரில் குறைந்துவரும் நாட்டு மரம் எது, அதன் விதை எப்பொழுது முற்றுகின்றது, அதன் நாற்று எங்கேனும் வளர்க்கப்படுகின்றதா என்னும் மூன்று கேள்விகளை மாணவர் முன் வைப்பாராயின் பாடம் நிறைவுபெறும்.

ரோஹிடாவை நடுபவர் அதன் மரத்தைத் தம் வாழ்நாளில் பெரும்பாலும் வெட்டிப் பயன்படுத்தப் போவதில்லை. ஆயினும் நிழலையும் தழையையும் பூவையும் சில ஆண்டுகளிலேயே காண்பர். மரத்தை அவர்தம் மக்கள் பெறுவர். இன்று நிற்கும் முதிர்ந்த மரங்களும் அவ்வாறு முன்னோர் கலப்பையை ஒதுக்கிச் சென்றமையால் எஞ்சியவையே. அம்மரங்கள் விதை தரும் காலம் முடிவதற்குள் அடுத்த தலைமுறை மரங்கள் வேரூன்ற வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. ரோஹிடாவின் ஆணிவேரும் பக்கவேர்களும் செய்யும் பணிகள் யாவை?

2. மரங்கள் தனித்தனியே பிரிந்து நிற்குமிடத்தில் காய்ப்புக் குறைவது ஏன்?

3. விதைக் காய்களை வெடிப்பதற்கு முன்னரே பறிக்க வேண்டியதன் காரணம் யாது?

4. இரண்டு மீட்டர் ஆரமுள்ள வட்டப் பாத்தியில் 15 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் நீர் விழும்?

5. விரைந்து வளரும் அயல்நாட்டு மரத்தையும் மெல்ல வளரும் நாட்டு மரத்தையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எவ்விடத்துக்கு ஏற்றது என எழுதுக.